பழைய செயின் வண்டிக்கு ரப்பர் டிராக் தேடி அலைந்த கதை

வாடிப்பட்டியிலிருந்து:

பெரியாறு பாசனத்தில் பேரணை முதல் கள்ளந்திரி வரை 45,041 ஏக்கர் இருபோகம். எல்லாருக்கும் ஒரே சமயத்தில் தண்ணீர் வருவதால் அறுப்பும் ஒரே சமயத்தில்தான் வரும், வாடகை நெல் அறுப்பு வண்டிக்கு அடிதடி. முதல் போகம் என்றால் ஐப்பசி மழை வேறு. டயர் வண்டி சேற்றில் இறங்கினால் அவ்வளவுதான். அதனால் ஒரு பழைய செயின் வண்டி வாங்கினேன், டயருக்குப் பதில் டிராக் என்கிற ரப்பர் பட்டையில் ஓடும் அறுப்பு வண்டி. இன்ஜினைப் பார்த்தேன், கட்டரைப் பார்த்தேன். டிராக் கறுகறுவென்று இருந்தது, சரி என்று விட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் நடுவயலில் இடது டிராக் அறுந்தது. உள்பக்கம் அளவு அச்சாகியிருக்கும் என்றார்கள். தேய்ந்துபோய் முதல் இரண்டு எண்கள்தான் தெரிந்தன: 400, 90. அதைப் போனில் சொல்ல, கடைக்காரர் 400×90×47 அனுப்பிவிட்டார். அதாவது அகலம், கட்டைக்குக் கட்டை இடைவெளி (இரண்டும் மில்லிமீட்டரில்), கட்டை எண்ணிக்கை. மாட்டினால் சுற்றி வரவே இல்லை. அறுந்ததை விரித்து, ரப்பருக்குள் பதித்த இரும்புக் கட்டைகளை எண்ணினால் 51! நான்கு கட்டை, கட்டைக்கு 90 மில்லிமீட்டர் என்றால் 360. ஓர் அடிக்கு மேல் குறை. சரியான டிராக் வருவதற்குள் சாய்ந்து கிடந்த நெல் முளைத்துவிட்டது.

இப்போது அளப்பது இப்படித்தான். முதலில் அகலம். அப்புறம் ஓர் இரும்புக் கட்டையின் நடுவிலிருந்து அடுத்ததன் நடு வரை, அதுதான் பிட்ச். ஓர் இடைவெளியை மட்டும் அளந்தால் கை பிசகும். பத்து இடைவெளியை அளந்து பத்தால் வகுத்துவிடுகிறேன். எண்ணும்போது முதல் கட்டையில் சாக்பீஸ் கோடு போட்டுக்கொள்ளுங்கள். வெளிப்பக்க ரப்பர் பல்லை எண்ணாதீர்கள், உள்ளே இருக்கும் இரும்புதான் கணக்கு.

மேலூரிலிருந்து:

தம்பி, கறுகறுவென்று இருந்தது என்கிறீர்களே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது. விற்பதற்கு முன் கழிவு ஆயிலைத் தடவிப் பளபளப்பாக்குகிற ஆட்கள் உண்டு. ஆயில் பட்ட ரப்பர் ஊறி இளகிவிடும்.

எங்கள் பக்கம் ஒருபோகம். தை, மாசியோடு அறுப்பு முடிந்தால் வண்டி மாதக்கணக்கில் சும்மா நிற்கும். முதல் வருஷம் களத்திலேயே வெயிலில் விட்டேன். சித்திரை முடியும்போது மயிரிழை மாதிரி வெடிப்பு. அந்த மேல்வெடிப்பு பரவாயில்லை, ஓட்டலாம். ஆழமாக வெட்டுப்பட்டு உள்கம்பி தெரிந்தால்தான் ஆபத்து. சேற்றுத் தண்ணீர் இறங்கிக் கம்பி துருப்பிடிக்கும், வெளியே முழுசாகத் தெரியும்போதே உள்ளே அறுந்துகொண்டிருக்கும். இப்போதெல்லாம் சேறு போகக் கழுவி, இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்தி, கொட்டகைக்குள் பலகை மேல் ஏற்றித்தான் நிறுத்துகிறேன்.

திருமங்கலத்திலிருந்து, டிரைவர்:

முதலாளிமார் டிராக்கைக் குறை சொல்வீர்கள், ஓட்டுவதைப் பார்க்க மாட்டீர்கள். வரப்பைக் குறுக்காக, நேராக ஏறிக் கடக்க வேண்டும். வரப்பு மேலேயே வண்டியைத் திருப்பினால் டிராக் ஓரம் கிழியும், கழன்றும் விழும். தார் ரோட்டில் நின்ற இடத்தில் சுற்றினால் பல் எல்லாம் போச்சு. எங்கள் கரிசல் மண், டிராக்குக்குள் உருளும் ரோலர்களில் காய்ந்து கல்லாகிவிடும், அதை அன்றன்றைக்கே கம்பியால் குத்தி எடுக்கணும்.

இறுக்கமும் அப்படித்தான். ஜாக்கி போட்டுத் தூக்கி, அடியில் எவ்வளவு தொங்குகிறது என்று பார்த்து, வண்டிப் புத்தகத்தில் சொன்ன அளவுக்கு வைக்கணும். நரம்பு மாதிரி இறுக்கினால் பேரிங் போகும். இன்னொன்று, டிராக்கைச் சுற்றும் பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டின் பல் கொக்கி மாதிரி தேய்ந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். இல்லையென்றால் புது டிராக்கை அது தின்றுவிடும்.

வாடிப்பட்டியிலிருந்து:

மேலூர் அண்ணன் சொன்னதைப் படித்துவிட்டு, கிணற்றடியில் கிடக்கும் அந்தப் பழைய டிராக்கைப் போய்ப் பார்த்தேன். நகத்தால் கீறினால் குழைந்துகொண்டு வருகிறது. இரண்டு தரம் சோப்புப் போட்டும் விரலில் கறுப்பு போகவில்லை அண்ணே.