அரியானா ஹஃபிங்டன் விற்றது எதை?

ஏட்டுச்சுவடி:
ஊடகத் தொழில்முனைவோர் வகுப்பில் பேச அரியானா ஹஃபிங்டனை எடுத்திருக்கிறேன். 1950இல் ஏதென்சில் பிறப்பு, 16 வயதில் இங்கிலாந்து, கேம்பிரிட்ஜ், 1980இல் நியூயார்க். இதுவரை சிக்கல் இல்லை. 2005இல் தொடங்கிய ஹஃபிங்டன் போஸ்ட் என்ற இணையச் செய்தித் தளம் 2011இல் 31.5 கோடி டாலருக்கு விலைபோனது எப்படி என்பதுதான் பிடிபடவில்லை. பிரபலங்களின் வலைப்பதிவுக்கா இவ்வளவு விலை? எழுதியவர்களுக்குக் காசு கொடுக்கவில்லை என்கிறார்களே, அது சட்டப்படி சரியா?

மைக்கூடு:
பிரபலங்கள் வாசல் தோரணம்தான். நகைச்சுவை எழுத்தாளர் லாரி டேவிட், திரைப்பட இயக்குநர் நோரா எஃப்ரான் போன்றவர்களை எழுத வைத்தது அரியானாவின் ஆள்பழக்கம். அது ஒரே நாளில் வந்ததல்ல. 1971இல் கேம்பிரிட்ஜ் யூனியன் விவாத மன்றத்தின் தலைவர், பிறகு ஓப்பரா பாடகி மரியா காலஸின் வாழ்க்கை வரலாற்று நூல், அமெரிக்கக் குடியரசுக் கட்சி எம்.பி.யின் மனைவி, 2003இல் கலிஃபோர்னியா ஆளுநர் தேர்தலில் சுயேச்சை (வாக்குப்பதிவுக்கு முன்பே விலகிவிட்டார்). போகிற இடமெல்லாம் ஆட்களைச் சேர்த்துக்கொண்டே போனவர்.

தளத்தை ஓட்டிய பொறி வேறு. அவரோடு சேர்ந்து தளத்தைத் தொடங்கியவர்களில் கென்னத் லெரர் பணமும் நிர்வாகமும், ஜோனா பெரெட்டி தொழில்நுட்பம். ஒரே செய்திக்கு இரண்டு தலைப்பு வைப்பார்கள். வாசகர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து ஆளுக்கொன்று காட்டி, 5 நிமிடம் கழித்து எதில் சொடுக்கு அதிகமோ அதையே வைத்துக்கொள்வார்கள். கூகுளில் மக்கள் தேடும் சொற்களையே தலைப்பில் போடுவார்கள். மற்ற பத்திரிகைகளின் செய்தியைச் சுருக்கி இணைப்பு கொடுப்பார்கள். சுருக்கத்திலேயே விஷயம் முடிந்துவிட்டால் மூலப் பத்திரிகைக்கு எவன் போவான்? அந்தப் புகார் கடைசிவரை தீரவில்லை.

இதைப் பார்த்துச் சின்னத் தளங்களும் தலைப்புச் சோதனை வைக்கின்றன. 5 நிமிடத்தில் 40 பேர் வரும் தளத்தில் ஒரு தலைப்புக்கு 6 சொடுக்கு, மற்றதற்கு 4 என்று வந்தால் அது வெறும் தற்செயல். முகப்புப் பக்கத்தில் பெருங்கூட்டம் இருந்தால்தான் அந்த வித்தை பலிக்கும்.

நாற்சந்தி:
காசு விஷயம். ஏஓஎல் என்ற இணைய நிறுவனம் தளத்தை வாங்கியதும், 2011 ஏப்ரலில் ஜோனதன் டசினி என்பவர் சம்பளமில்லாமல் எழுதிய பல்லாயிரம் பேர் சார்பில் 10.5 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். 2012 மார்ச்சில் தள்ளுபடி. பணம் கிடையாது என்று தெரிந்தேதான் எழுதினார்கள், எதிர்பார்த்த விளம்பரம் கிடைத்தது, தளம் விலைபோன பிறகு பங்கு கேட்க முடியாது என்பது நீதிமன்றத்தின் பார்வை. சட்டம் அத்தோடு முடிந்தது, நியாயம் முடிந்ததா என்பதை மாணவர்களிடம் விட்டுவிடுங்கள். 2018 ஜனவரியில் அந்த இலவசப் பதிவு ஏற்பாட்டை நிறுவனமே மூடிவிட்டது. யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றால் பொய்ச் செய்தியும் அதே முத்திரையோடு வரும், அதைச் சரிபார்க்க ஆள் போட்டால் இலவசம் இலவசமாக இராது.

மைக்கூடு:
ஒன்றை விட்டுவிட்டேன். சம்பளம் வாங்கிய செய்தியாளர்களும் இருந்தார்கள். காயமடைந்த போர்வீரர்களைப் பற்றிய தொடருக்காக டேவிட் வுட் 2012இல் புலிட்சர் என்ற பத்திரிகை விருதை வாங்கினார். "ஓசி எழுத்து" என்று மட்டும் சொன்னால் வகுப்பில் யாராவது இதை எடுத்து நீட்டுவார்கள்.

ஏட்டுச்சுவடி:
விற்ற பிறகு அவர் நிலை?

நாற்சந்தி:
உரிமையாளர் போய்த் தலைமை ஆசிரியர். 2015இல் ஏஓஎல்லையே வெரைசன் என்ற தொலைத்தொடர்பு நிறுவனம் வாங்கியது, 2016 ஆகஸ்டில் விலகினார். 2007இல் களைப்பில் மயங்கி விழுந்து கன்ன எலும்பு முறிந்ததிலிருந்து தூக்கம், ஓய்வு என்று பேசிவந்தவர், அதையே திரைவ் குளோபல் என்று நிறுவனமாக்கினார். ஹஃபிங்டன் போஸ்ட் தளம் 2021இல் பஸ்ஃபீட் என்ற இணைய ஊடக நிறுவனத்திடம் போனது. பஸ்ஃபீடைத் தொடங்கியவர் யாரென்று பாருங்கள்: மேலே சொன்ன அதே பெரெட்டி.