‘நம்ம குடும்பம்’ குழு: சித்தி வீட்டு வாசற்கதவு

சித்தி (இரவு 7:42): பின் தெருவில் ஒரு வீட்டுக் கதவை நெம்பித் திறந்திருக்கிறார்கள். வீட்டுக்காரர்கள் கல்யாணத்துக்குத் திருச்சி போயிருந்த நேரம். படம் அனுப்புகிறேன், பாருங்கள். எனக்குக் கை காலே ஓடவில்லை.

சித்தி: 📷

அக்கா: ஐயோ! யாருக்கும் ஒன்றும் இல்லையே சித்தி?

சித்தி: வீட்டில் ஆளே இல்லை. பீரோவை உடைத்திருக்கிறார்கள். போலீஸ் வந்து கைரேகை எடுத்துக்கொண்டு போனார்கள்.

சித்தப்பா (7:50): அடுத்த மாதம் நாங்கள் பர்மிங்காம் கிளம்ப வேண்டும். பாப்பாவின் பிரசவம் முடிந்து திரும்பும்வரை வீடு பூட்டித்தான் கிடக்கும். பாரிமுனையில் ஒரு கடையில் விசாரித்தேன். ‘மூணு பாயிண்ட் லாக் போடுங்க சார், யானை வந்தாலும் அசையாது’ என்கிறார். தம்பி, நீ கதவு வேலையிலேயே இருப்பவன். போடலாமா?

நான் (8:03): சித்தப்பா, முதலில் சித்தி அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பூட்டின் நாக்கு அப்படியே வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, வளையக்கூட இல்லை. நிலையில் அடித்திருந்த தகடுதான் கழன்று தொங்குகிறது. அதில் மாட்டியிருக்கும் இரண்டு ஸ்க்ரூவும் அரை அங்குலம் இருந்தால் அதிகம். ஸ்க்ரூ இருந்த இடத்திலிருந்து நிலை மரம் நெடுகப் பிளந்திருக்கிறது.

நான்: பூட்டில் யாரும் கை வைக்கவே இல்லை. கடப்பாரையை இடுக்கில் விட்டு நெம்பியிருக்கிறார்கள். மொத்த விசையும் நடுவில் அந்த ஒரே இடத்தில் விழுந்திருக்கிறது. மேலேயும் கீழேயும் கதவைப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை.

பெரியப்பா: அந்தக் காலத்தில் திண்டுக்கல் பூட்டு ஒன்றை வாங்கி வெளியே தொங்கவிட்டால் தீர்ந்தது விஷயம். இப்போதும் அதையே செய்.

நான்: திண்டுக்கல் பூட்டு நல்ல பூட்டுதான் பெரியப்பா. கையால் செய்யும் அந்த வேலைக்கு 2019-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் எவ்வளவு நல்ல பூட்டாக இருந்தாலும் அது தொங்குவது ஒரு நாதாங்கியில். நாதாங்கி பெயர்ந்துவிட்டால் பூட்டு அதோடு சேர்ந்து கீழே விழும். அதோடு வாசலில் பெரிய பூட்டு தொங்கினால் வீட்டில் ஆள் இல்லை என்பது தெருவுக்கே தெரியும்.

அக்கா: அப்போ மூணு பாயிண்ட் லாக் நல்லதா, இல்லையா?

நான் (8:15): நல்லது அக்கா. ஏன் என்று சொல்கிறேன். ராத்திரி படுக்கும் முன் சித்தி என்ன செய்கிறார்கள்? நடுவில் பூட்டு, மேலே ஒரு தாழ்ப்பாள், கீழே ஒரு தாழ்ப்பாள். கதவு மூன்று இடத்தில் நிலையைப் பிடித்துக்கொள்கிறது. ஊருக்குப் போகும்போது உள்ளே நின்று தாழ் போட ஆள் கிடையாது. நடுவில் இருக்கும் பூட்டு மட்டும்தான். கதவுக்குப் பலம் அதிகம் தேவைப்படும் நாட்களில்தான் அது மிகவும் பலவீனமாக நிற்கிறது.

நான்: மூணு பாயிண்ட் லாக்கை மல்டி பாயிண்ட் லாக் என்றும் சொல்வோம். அது செய்வதெல்லாம், வெளியே நின்று சாவியைத் திருப்பும்போதே மேல் தாழையும் கீழ்த் தாழையும் சேர்த்துப் போடுவதுதான். பீரோ கைப்பிடியைத் திருப்பினால் உள்ளே மேலும் கீழும் கம்பி ஓடுமே, அதே ஏற்பாடு. நடுவில் ஒரு கியர் பாக்ஸ் இருக்கும். அதிலிருந்து கதவின் ஓரம் முழுக்க ஒரு பட்டை ஓடும். கைப்பிடியைத் தூக்கினாலோ சாவியைத் திருப்பினாலோ பட்டை நகர்ந்து எல்லா நாக்கும் ஒன்றாக நிலைக்குள் போகும். சிலவற்றில் நாக்குக்குப் பதில் கொக்கி இருக்கும். நெம்புகிறவன் கதவையும் நிலையையும் பிரித்து இடைவெளி உண்டாக்கத்தான் பார்ப்பான். நேர் நாக்கு அதில் நழுவி வெளியே வந்துவிடலாம், கொக்கி நிலையைக் கவ்விக்கொண்டு விடாது. வாங்குவதானால் கொக்கி உள்ளதை வாங்குங்கள்.

நான்: சித்தப்பா, கடைக்காரர் காட்டிய பூட்டின் படம் இருக்கிறதா?

சித்தப்பா: 📷

நான் (8:24): சந்தேகப்பட்டது சரிதான். இது மல்டி பாயிண்ட் இல்லை. ஒரே பெட்டியிலிருந்து மூன்று நாக்கு வருகிறது. மூன்றும் கைப்பிடி உயரத்தில், அரைச் சாண் இடைவெளிக்குள் ஒரே தகட்டில்தான் போய் விழும். அந்தத் தகடு பெயர்ந்தால் மூன்றும் சேர்ந்து போச்சு. பூட்டு தரமானதாகவே இருக்கலாம். ஆனால் பின் தெரு வீட்டில் நடந்ததை இது தடுக்காது. கதவின் மேல் மூலைக்குப் பக்கத்தில் ஒன்று, கீழ் மூலைக்குப் பக்கத்தில் ஒன்று என்று விலகி இருந்தால்தான் விசை பிரியும்.

சித்தப்பா: நல்லவேளை, அட்வான்ஸ் கொடுக்கவில்லை.

தங்கை, பர்மிங்காம் (8:31): அண்ணா, இங்கே ஏறக்குறைய எல்லா யுபிவிசி (கெட்டி பிளாஸ்டிக்) கதவிலும் இந்த வகைதான். கைப்பிடியை மேலே தூக்கிச் சாவியைத் திருப்ப வேண்டும். தூக்காமல் வெறுமனே சாத்திவிட்டுப் போனால் நடுவில் இருக்கும் லாட்ச் (சாத்தினாலே விழும் ஸ்பிரிங் நாக்கு) மட்டும்தான் பிடித்திருக்கும். அப்பாவுக்கு மறதி, இதைப் பழக்க வேண்டும். இன்னொரு விஷயம், இங்கே திருடர்கள் கொக்கி பக்கமே போவதில்லை. சாவி போடும் சிலிண்டரையே ஒடித்துவிடுகிறார்கள்.

நான்: மிக முக்கியமான விஷயம் பாப்பா. அந்த சிலிண்டரைக் கதவோடு பிடித்திருக்கும் ஸ்க்ரூ அதன் நட்டநடுவில் போகும். அந்த ஓட்டை இருக்கும் இடத்தில்தான் உலோகம் மெலிசு. சிலிண்டர் கதவைவிட்டு வெளியே துருத்திக்கொண்டிருந்தால் குறடால் பிடித்து அங்கேயே ஒடித்துவிடலாம். அது ஒடிந்தால் கொக்கி எத்தனை இருந்தும் பிரயோசனம் இல்லை, எல்லாவற்றையும் உள்ளே இழுப்பது அந்த ஒரு சிலிண்டர்தானே. உங்கள் ஊரில் இதற்காகவே டிஎஸ் 007 என்று நட்சத்திரத் தரம் வைத்திருக்கிறார்கள். 3 நட்சத்திர சிலிண்டர் போடலாம், இல்லையென்றால் 1 நட்சத்திர சிலிண்டரோடு 2 நட்சத்திரக் கைப்பிடி. இங்கே வாங்கும்போதும் சிலிண்டர் கைப்பிடித் தகட்டின் மட்டத்துக்கு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

பெரியப்பா: இவ்வளவும் போட்டால் உடைக்கவே முடியாதா?

நான் (8:40): அப்படி ஒரு கதவும் கிடையாது பெரியப்பா. ஐரோப்பாவில் ஈஎன் 1627 என்று ஒரு தர நிர்ணயம். பூட்டைத் தனியாகப் பார்க்காமல் கதவு, நிலை, கீல் எல்லாவற்றையும் சேர்த்து மாட்டி ஆளை வைத்தே உடைத்துப் பார்ப்பார்கள். அதில் ஆர்சி என்று படிப்படியாகத் தர வரிசை உண்டு. ஆர்சி 2 என்றால் ஸ்க்ரூ டிரைவர், ஆப்பு மாதிரி சின்ன ஆயுதங்களுக்கு 3 நிமிடம் தாங்க வேண்டும். ஆர்சி 3 என்றால் கடப்பாரைக்கும் சேர்த்து 5 நிமிடம். கணக்கே நிமிடத்தில்தான். ஆனால் நம் தெருவில் ஒருவன் அத்தனை நேரம் கடப்பாரையோடு கதவை இடித்துக்கொண்டு நிற்க முடியுமா? சத்தம் கேட்டு எதிர் வீட்டுக்காரர் விளக்கைப் போட்டுவிடுவார்.

அக்கா: எங்கள் ஃபிளாட்டில் ஃப்ளஷ் கதவு, ப்ளைவுட் ஒட்டிய தட்டைக் கதவு. அதில் வைக்கலாமா?

நான்: வேண்டாம் அக்கா. 30 மில்லிமீட்டர் கதவின் ஓரத்தில் 20 மில்லிமீட்டர் அகலத்துக்குத் தகடு பதித்தால் இரண்டு பக்கமும் 5 மில்லிமீட்டர் மரம்தான் மிஞ்சும். பூட்டு வைக்கப்போய்க் கதவைப் பலவீனமாக்கின கதைதான். உங்களுக்கு வேறு வழி சொல்கிறேன். இப்போது இருக்கும் பூட்டுக்குக் கீழே முழங்கால் உயரத்தில் ஒன்று, தலைக்கு மேல் ஒன்று என்று வெளியிலிருந்தும் சாவி போடும்படி இரண்டு டெட் போல்ட், அதாவது சாவியால் மட்டும் நகரும் கெட்டி நாக்குப் பூட்டு. திருப்புவதற்கு மூன்று சாவி, அவ்வளவுதான் சிரமம்.

சித்தி (8:52): எங்கள் வாசற்கதவு தேக்கு. மழைக்காலத்தில் ஊதிக்கொண்டு தோளால் இடித்துத்தான் சாத்துகிறோம். அதற்கு இது ஒத்துவருமா?

நான்: இதை நீங்களே கேட்டது நல்லதாகப் போயிற்று. ஐப்பசி கார்த்திகையில் கதவு ஊதினாலோ, கீல் தளர்ந்து கதவு இறங்கினாலோ, கொக்கியும் நிலையில் இருக்கும் குழியும் நேருக்கு நேர் வராது. அப்போது பலத்தைக் காட்டிக் கைப்பிடியைத் தூக்கினால் கியர் பாக்ஸ் உடையும். கதவு பூட்டிய நிலையில் அது உடைந்தால் திறப்பது பெரும்பாடு. அதனால் கதவை முதலில் இழைத்து, மேல் ஓரம் கீழ் ஓரம் உட்பட எல்லாப் பக்கமும் பாலிஷ் அடித்துவிட வேண்டும். அந்த இரண்டு ஓரத்தையும் பெரும்பாலும் யாரும் அடிப்பதே இல்லை, ஈரம் அந்த வழியாகத்தான் ஏறுகிறது. கீல் நான்கு இருக்கட்டும். பூட்டு அதற்கப்புறம்.

நான்: நிலையைப் பற்றியும் ஆசாரியிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். நாக்கு விழும் ஒவ்வொரு தகட்டுக்கும் குறைந்தது 3 அங்குல ஸ்க்ரூ. நிலைக்கும் சுவருக்கும் நடுவே தட்டிப் பாருங்கள். பொள்ளல் சத்தம் வந்தால் அங்கே சிமெண்ட் இல்லை. அதை அடைத்து, நிலையைத் துளைத்துச் செங்கல்வரை போகும் ஃபிரேம் ஃபாஸ்ட்னர் என்ற நீள ஸ்க்ரூவைப் போட வேண்டும். பூட்டுக்குப் பணம் போதவில்லை என்றால்கூட இந்த வேலையை விடாதீர்கள்.

அத்தை (9:05): எல்லாம் சரி. உள்ளே நெருப்பு கிருப்பு என்றால் வயசானவர்கள் சாவியைத் தேடிக்கொண்டா இருப்பார்கள்?

நான்: உள்பக்கம் சாவி இல்லாமல் திருகித் திறக்கும் குமிழ் வைத்த சிலிண்டரைத்தான் போட வேண்டும் அத்தை. இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். ஆனால் கதவிலோ பக்கத்திலோ கண்ணாடி இருந்தால் அதை உடைத்துக் கை விட்டுக் குமிழைத் திருப்பிவிடலாம். சித்தி வீட்டில் கண்ணாடி இல்லை, கவலை இல்லை.

தங்கை: அண்ணா, அடுப்படிப் பின்கதவு? அது பழைய பிவிசி கதவு ஆயிற்றே.

நான் (9:12): வாசலை இரும்புக் கோட்டை ஆக்கிவிட்டுப் பின்கதவை அப்படியே விட்டால் வருகிறவன் சந்து வழியாகச் சுற்றி வருவான். அதை எடுத்துவிட்டு உள்ளிருந்து இரண்டு அல்டிராப் (கெட்டியான இழுப்புத் தாழ்ப்பாள்) போட்ட கெட்டி மரக்கதவு வையுங்கள். கிளம்பும்போது எல்லாக் கதவையும் உள்ளே தாழிட்டுவிட்டு வாசல் வழியாக மட்டும் வெளியே வரப்போகிறீர்கள், அதனால் பின்கதவுக்கு மல்டி பாயிண்ட் தேவையே இல்லை.

அக்கா: நகையை லாக்கரில் வைத்துவிடுங்கள் சித்தி. விமான நிலையத்திலிருந்து ஸ்டேட்டஸ் போடாதீர்கள்.

சித்தப்பா: காவல் நிலையத்திலும் ஊருக்குப் போகும் தேதியை எழுதிக் கொடுத்துவிடுகிறேன். ரோந்து வரும்போது ஒரு பார்வை பார்ப்பார்கள்.

சித்தி (9:20): ஆசாரியிடம் பேசிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறார். நீயும் வந்துவிடு கண்ணா, சாப்பாடு இங்கேதான்.

நான்: வருகிறேன் சித்தி. மொட்டை மாடிக் கதவு வெறும் தகரம், கீல் வெளிப்பக்கம் இருக்கிறது. கீலின் நடுக் கம்பியைத் தட்டி எடுத்தால் கதவு கையோடு வந்துவிடும். வெல்டிங்காரரையும் அன்றைக்கே வரச் சொல்லுங்கள்.