அம்மா ரிடயர்மென்ட் வில்லேஜைக் காலி செய்கிறார்: சிட்னியில் விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். சிட்னியில் ஒரு ரிடயர்மென்ட் வில்லேஜில் (வயதானவர்களுக்கான குடியிருப்பு) தனியாக இருக்கும் அம்மா, அடுத்த மாதம் பராமரிப்பு இல்லத்துக்கு மாறுகிறார். வீடு அவர் பெயரில் பதிவானதல்ல. குடியேறும்போது பெரிய தொகை கட்டி, வசிக்கும் உரிமை மட்டும் பெற்றது.

நியூ சவுத் வேல்ஸின் 1999ஆம் ஆண்டு ரிடயர்மென்ட் வில்லேஜ் சட்டப்படி, இப்படிப்பட்டவர்களுக்குக் காலி செய்த 6 மாதத்துக்குள் பணம் திரும்ப வந்தாக வேண்டும். பொதுச் சேவைக் கட்டணமும் 42 நாளோடு நின்றுவிடும். வெளியேறும் கட்டணம் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது, கழித்துக்கொள்ளட்டும்.

சிக்கல் வேறு. புது கார்பெட், முழு பெயின்ட் இரண்டையும் நிர்வாகம் எங்கள் தலையில் கட்டப் பார்க்கிறது. வாக்கர் உரசி, ஹாலிலிருந்து பாத்ரூம் வரை கார்பெட்டில் ஒரு தடம் விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். நியாயமான தேய்மானம் போக, பழைய நிலையில் ஒப்படைத்தால் போதும் என்பது சட்டம். வயதானவர்களுக்கென்றே கட்டிய இடத்தில் வாக்கர் தடம் தேய்மானம் இல்லையென்றால் வேறென்ன? பாத்ரூமில் நாங்கள் மாட்டிய கைப்பிடியைக் கழற்றி ஓட்டைகளை அடைப்பது எங்கள் பொறுப்பு, அதைச் செய்துவிடுகிறோம்.

குடியேறியபோது வீடு எந்த நிலையில் இருந்தது என்று எழுதிய அறிக்கையில் கார்பெட் பற்றி ஒரே ஒரு வரிதான். அது போதுமா, இல்லை இப்போதே போட்டோ எடுத்து வைக்க வேண்டுமா? இந்த மாதிரித் தகராறுகளை விசாரிக்கும் என்கேட் (NCAT) தீர்ப்பாயம் வரை போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா? சீனியர்ஸ் ரைட்ஸ் சர்வீஸில் இலவசச் சட்ட உதவி பெற்றவர்கள், அம்மாவோடு தமிழில் பேச மொழிபெயர்ப்பாளர் கிடைத்தாரா என்றும் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வேண்டும் என்கிறது வில்லேஜ் நிர்வாகம். விவரம் தெரியும் வரை எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.