ஜோ கேனிங்கும் அண்ணன் ஒல்லியும்

கேள்வி: ஹர்லிங்கில் (மட்டையால் பந்தடிக்கும் அயர்லாந்து ஆட்டம்) ஜோ கேனிங் என்றாலே கூடவே அண்ணன் ஒல்லி பெயரும் வருகிறதே, அவரும் அவ்வளவு பெரிய ஆட்டக்காரரா?

பதில்: சந்தேகமே வேண்டாம். தற்காப்பு ஆட்டக்காரர், ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர்களுக்குத் தரும் ஆல்-ஸ்டார் விருது 4 முறை. போர்ட்டம்னா கிளப்புக்காக இருவரும் சேர்ந்தே அகில அயர்லாந்து கிளப் பட்டம் வென்றார்கள், ஆனால் கால்வே மாவட்ட அணியோடு மாவட்டங்களுக்கான அகில அயர்லாந்து கோப்பை கிடைக்காமலேயே 2010-இல் ஒல்லி ஓய்வு பெற்றுவிட்டார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

பதில்: ஜோவும் லேசில் ஜெயிக்கவில்லை. 2008-இல் கார்க் மாவட்ட அணிக்கு எதிராகத் தனியாளாக 2 கோல், 12 பாயிண்ட் (குறுக்குக் கம்பத்துக்குக் கீழே வலைக்குள் போனால் கோல், மேலே போனால் பாயிண்ட்) அடித்தும் அணி தோற்றது. 2016-இல் டிப்பரரி அணிக்கு எதிரான அரையிறுதியில் தொடைத் தசை கிழிந்து அறுவை சிகிச்சை வரை போனது. மறு வருடம் அதே டிப்பரரிக்கு எதிரான அரையிறுதி, சமநிலை, கூடுதல் நிமிடங்கள், எல்லைக்கோட்டை ஒட்டி நின்றபடி அவர் அடித்த பந்து கம்பத்துக்கு மேலே போய் ஒரே பாயிண்டில் வெற்றி! அப்புறம் இறுதிப் போட்டியில் வாட்டர்ஃபோர்டை வீழ்த்தி, 1988-க்குப் பிறகு கால்வேக்கு முதல் கோப்பை.

பதில்: ஜோவின் ‘சைட்லைன் கட்’ அடியையும் பாருங்கள், அதாவது பந்து வெளியே போனதும் எல்லைக்கோட்டிலிருந்து அடிப்பது. தரையில் கிடக்கும் பந்தைக் கையால் தொடாமல், மட்டையின் விளிம்பால் சீவி, கம்பத்துக்கு மேலே அனுப்புவார். இத்தனைக்கும் சம்பளமே இல்லாத ஆட்டம் இது.