சுருட்டு லைட்டர்: டார்ச் சுடருக்குத் தமிழில் என்ன சொல்?

மடல் 1, மதுரை டவுன்ஹால் ரோட்டிலிருந்து

அனைவருக்கும் வணக்கம்.

லைட்டர், பேனா, கைக்கடிகாரம் விற்கும் கடை ஒன்றுக்கு ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பு எழுதித் தரவேண்டும். சுருட்டுக்கென்று விற்கும் லைட்டரில் இரண்டு வகை. மஞ்சள் கொழுந்து நின்று ஆடுவது ஒன்று. நீலமாக ஊசிபோல் சீறுவது இன்னொன்று. பெட்டியில் சாஃப்ட் ஃபிளேம், டார்ச் ஃபிளேம், ஜெட் ஃபிளேம் என்று போட்டிருக்கிறார்கள். வரைவில் நான் மென்சுடர், வன்சுடர் என்று வைத்திருக்கிறேன். மென்பொருள், வன்பொருள் பழகிய காதுக்கு உறுத்தாது என்பது என் கணக்கு.

அலங்காரத்துக்குச் சொல் தேடவில்லை. தாளைப் படித்துவிட்டு எதை வாங்குவது, எப்படிப் பிடிப்பது என்று ஒருவருக்குப் புரியவேண்டும். மறுப்பு இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள்.

மடல் 2, மேலூர், வேதியியல் ஆசிரியை

> மென்சுடர், வன்சுடர்

எனக்கு மறுப்பு இருக்கிறது. மென், வன் என்றால் ஒரே சுடரைக் கூட்டிக் குறைப்பதுபோல் ஆகிவிடும். வாங்குபவர் என்ன செய்வார்? வன்சுடர் லைட்டரை எடுத்து, அடியில் இருக்கும் திருகைக் கழித்தல் குறிப் பக்கம் முழுக்கத் திருப்பி, “இப்போது மென்சுடர்” என்று நினைத்துக்கொள்வார். அது நடக்காது. வாயுவின் வேகம் குறைந்தால் அது காற்றை இழுக்கும் திறனும் குறையும். சுடர் தடுமாறி அணையும், இல்லாவிட்டால் குழாய் வாய்க்குள்ளேயே நின்று எரிந்து லைட்டரின் முனையைச் சுட வைக்கும்.

வித்தியாசம் அளவில் இல்லை, காற்று எப்போது சேர்கிறது என்பதில் இருக்கிறது. இரண்டிலும் எரிபொருள் பியூட்டேன்தான். மஞ்சள் சுடரில் வாயு வெளியே வந்த பிறகுதான் சுற்றியுள்ள காற்றைச் சந்திக்கிறது. நடுவில் காற்று போதாமல் கரித்துகள் உண்டாகி, அது சூட்டில் ஒளிர்கிறது. மஞ்சள் நிறம் அந்தக் கரியின் நிறம். நீலச் சுடரில் முடியளவு துளை வழியே வாயு பாய்ந்து, பக்கத்துத் துளைகளில் காற்றை உள்ளே இழுத்து, கலந்த பிறகே எரிகிறது. கன அளவில் ஒரு பங்கு பியூட்டேன் முழுதாக எரிய சுமார் 31 பங்கு காற்று வேண்டும். சரியாகக் கலந்தால் சுடரின் வெப்பம் கணக்கின்படி 1,970 டிகிரி செல்சியஸ் வரை போகலாம். நடைமுறையில் சூடு சிதறி அதற்குக் கீழேதான் நிற்கும்.

லைட்டர்களுக்கான பன்னாட்டுத் தரம் ஐஎஸ்ஓ 9994 இவற்றை இப்படித்தான் பிரிக்கிறது: காற்று முன்னதாகக் கலப்பது ஒன்று, எரியும் இடத்தில் கலப்பது இன்னொன்று. ஆகவே முன்கலப்புச் சுடர், பின்கலப்புச் சுடர் என்று வைத்தால் சொல்லே பாதி பாடத்தைச் சொல்லிவிடும்.

மடல் 3, திருமங்கலம், தமிழாசிரியர்

டீச்சர் சொல்வது வகுப்பறைக்குச் சரி. கடைப் பெட்டியில் ‘பின்கலப்பு’ என்று போட்டால் சாம்பார்ப் பொடி என்று நினைப்பார்கள். டார்ச் என்பதற்குத் தீவட்டி, பந்தம் என்று நல்ல சொற்கள் நம்மிடம் இருக்கின்றனவே. பந்தச்சுடர் போதாதா? அல்லது அறிவியலில் ஜெட்டுக்குப் புழங்கும் தாரையை எடுத்துத் தாரைச்சுடர் எனலாம்.

மடல் 4, தெற்காவணி மூல வீதி, நகைத் தொழில் கருவி விற்பனையும் லைட்டர் பழுதுபார்ப்பும்

ஐயா, பந்தம் வேண்டாம். அழகருக்குத் திரியெடுக்கிறவர் கையில் இருப்பது எண்ணெயில் நனைந்த துணி. மஞ்சளாக எரியும், காற்றில் அலையும், புகை விடும். டீச்சர் கணக்குப்படி அது பின்கலப்பு. டார்ச் லைட்டருக்கு அந்தப் பெயர் வைத்தால் நேர் எதிர்ப்பொருள் ஆகிவிடும். போதாததற்கு இங்கே டார்ச் என்றால் பேட்டரி விளக்குதான். தாரை என்றதும் எங்கள் தெருவில் தப்பட்டையைத் தேடுவார்கள்.

இந்த வேலைக்குச் சொல் எங்கள் பட்டறையில் ஏற்கனவே இருக்கிறது. பொற்கொல்லர் முன்னால் ஒரு விளக்கு எரியும். சும்மா விட்டால் மஞ்சள் கொழுந்து. ஊதுகுழலை அதன் ஓரத்தில் வைத்து ஊதினால் அதே கொழுந்து சாய்ந்து, கூராகி, நீலமாகி, நகையை ஒட்டவைக்கும் பற்று உருகும் சூட்டுக்குப் போகும். விளக்கு மாறவில்லை, எண்ணெய் மாறவில்லை, காற்று உள்ளே போன விதம்தான் மாறியது. டார்ச் லைட்டரில் ஊதுவது வாய் இல்லை, வாயுவின் வேகம். ஆகவே ஊதுசுடர்.

மற்றதுக்கு அகல்சுடர். அகல் விளக்கின் சுடர் என்றும் எடுக்கலாம், அகன்று நிற்கும் சுடர் என்றும் எடுக்கலாம்.

தாளில் சேர்க்கக் கொஞ்சம் விவரம் தருகிறேன். பழுதுக்கு வரும் ஊதுசுடர் லைட்டர்களில் பெரும்பாலானவை பழுதே இல்லை. தொட்டியில் காற்று அடைத்திருக்கும். வாயுவை மேலே மேலே நிரப்பும்போது உள்ளே இருக்கும் காற்று வெளியேற வழியில்லை. அது வாயுவோடு கலந்து வந்து சுடரை விக்க வைக்கும்: பற்றும், ஒரு நொடி நிற்கும், அணையும். நிரப்பும் முன் திருகைக் கடைசிவரை குறைத்துவிட்டு, லைட்டரைத் தலைகீழாகப் பிடித்து, இப்போது மேலே வந்துவிட்ட வால்வைச் சின்ன ஸ்குரூடிரைவரால் அழுத்த வேண்டும். சீறல் நிற்கும்வரை விடக்கூடாது. பக்கத்தில் அடுப்போ விளக்கோ இருக்கக்கூடாது. பிறகு அதே தலைகீழ் நிலையில் வாயுக் குப்பியை மேலிருந்து நேராகக் குத்தி 4, 5 நொடி அழுத்துங்கள். சாய்த்தால் வாயு கையில் பீறிடும், தொட்டிக்குள் போகாது.

நிரப்பியதும் உடனே பற்றவைக்கிறார்கள், அதுதான் அடுத்த தப்பு. வாயு ஆவியானதில் தொட்டி குளிர்ந்திருக்கும், உள்ளே அழுத்தம் வந்திருக்காது. 5 நிமிடம் மேசையில் வைத்துவிட்டு, திருகைக் கால் சுற்று கால் சுற்றாகக் கூட்டிப் பார்க்கவேண்டும். நீலக் கூம்பு அசையாமல் நின்றால் நிறுத்திவிடலாம். சுடரின் நுனி மஞ்சளானால் வாயு அதிகம்.

மலிவு வாயுவில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், துளை அடைக்கும். ஊசி விட்டுக் குத்தவே கூடாது, துளை பெரிதானால் அந்த லைட்டர் அதோடு முடிந்தது. காற்றுக் குப்பியால் மேலிருந்து ஊதுங்கள். சிலவற்றில் வாய்க்கு மேல் ஒரு சுருள் கம்பி இருக்கும். அது செந்தணலாக நின்று, காற்றில் அணைந்த சுடரை மீண்டும் பற்றவைப்பது. அதையும் தொடக்கூடாது.

அகல்சுடர் லைட்டரில் இவ்வளவு தொல்லை கிடையாது. கல் தேய்ந்தால் கல் மாற்றுங்கள், அவ்வளவுதான்.

மடல் 5, திண்டுக்கல், சுருட்டு வியாபாரம்

ஊதுசுடர் நல்ல சொல். இங்கே ஆள்கள் சுருட்டு “பிடிக்கிறது” என்பதைவிட “ஊதுறது” என்பதுதான் அதிகம், நாக்கில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் எதை எதுக்கு வாங்குவது என்பதை இதுவரை யாரும் சொல்லவில்லையே அண்ணே.

ஸ்பென்சர் கம்பெனி காலத்தில் கப்பலேறிய ஊர்ச் சுருட்டு ஆகட்டும், இன்று கடையில் கட்டாக விற்பது ஆகட்டும், நம் ஊர்ச் சுருட்டு பெரும்பாலும் மெல்லிசு, உலர்ந்தது. அதற்கு ஊதுசுடரைக் காட்டினால் மேலே சுற்றிய இலை ஒரே நொடியில் கருகி வெடிக்கும். உள்ளே இன்னும் கங்கு பிடித்திருக்காது. முதல் இழுப்பிலேயே கசப்பு. இதற்கு அகல்சுடரோ தீக்குச்சியோ போதும். குச்சி என்றால் மருந்து முழுக்க எரிந்து மரம் பற்றும்வரை பொறுங்கள். மருந்தில் கந்தகம் இருக்கிறது, அவசரப்பட்டால் அந்த நெடி இலையில் ஏறிவிடும். பெட்ரோல் ஊற்றும் திரி லைட்டரும் அப்படித்தான், நெடி போகவே போகாது.

கியூபா, டொமினிக்கன் சுருட்டு வேறு கதை. ஈரப்பதத்தில் வைத்திருந்தது, பருமனும் அதிகம். அவர்கள் பருமனை அங்குலத்தில் 64-இல் ஒரு பங்காக எண்ணுவார்கள். 42 என்றால் சுமார் 16.7 மில்லிமீட்டர், 50 என்றால் 20-க்குச் சற்றுக் குறைவு, 60 என்றால் 24-ஐ ஒட்டி. 42, 44 வரை அகல்சுடர் தாராளம். 50-க்கு மேல் அகல்சுடரால் முடியாது என்றில்லை, பொறுமை வேண்டும். 60-க்கு ஒற்றைத் துளை ஊதுசுடரும் சிரமம், இரண்டு துளை வசதி. மூன்று, நான்கு துளை என்று விற்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. வாயு சீக்கிரம் தீரும், சூடு ஓரத்தை மீறி மேலிலைக்குப் போகும்.

பிடிக்கும் முறை இரண்டுக்கும் ஒன்றல்ல. அகல்சுடர் என்றால் சுருட்டைச் சாய்த்துப் பிடித்து, முனையைக் கொழுந்தின் நுனிக்குச் சற்று மேலே வைத்துச் சுழற்றுங்கள். மஞ்சளுக்குள் விட்டால் கரி படியும். ஊதுசுடர் என்றால் நீலக் கூம்பு சுருட்டைத் தொடவே கூடாது, கூம்பின் நுனிக்கு அப்பால் 2, 3 சென்டிமீட்டர் தள்ளி வைத்து வட்டமாக ஓட்டவேண்டும். ஒரே இடத்தில் நிறுத்தினால் குழி விழும். இரண்டிலும் முதலில் வாயில் வைக்காமல் ஓரம் முழுக்கக் கருத்துச் சிவக்கும்வரை வாட்டிவிட்டு, பிறகு மெதுவாக இழுத்தபடி சுழற்றுங்கள். முனையை லேசாக ஊதிப் பார்த்தால் கங்கு பிடிக்காத இடம் கருப்பாகத் தெரியும்.

பாதியில் ஒரு பக்கம் மட்டும் வேகமாக எரிந்து படகுபோல் ஆனால், எரியாத ஓரத்தை மட்டும் தொட்டுச் சரிசெய்ய ஒற்றைத் துளை ஊதுசுடரை விட்டால் வேறு இல்லை. அகல்சுடர் எரிந்த பக்கத்தையும் சேர்த்து நக்கும். திறந்த வெளியில், பாண்டி கோயிலில் முனிக்குச் சுருட்டுப் படைக்கிற மாதிரி காற்றடிக்கும் இடத்தில், ஊதுசுடர்தான் நிற்கும்.

மடல் 6, கொடைக்கானல்

மலைக்கு இந்தச் சிபாரிசு பொருந்தாது. இங்கே ஊதுசுடர் லைட்டர் டிக் டிக் என்று பொறி தட்டும், பற்றாது. கீழே மதுரையில் அதே லைட்டர் நன்றாக எரியும். அகல்சுடர் இரண்டு இடத்திலும் எரிகிறது. சொல்லோடு இதையும் சேர்த்தால் நல்லது.

மடல் 7, மேலூர், வேதியியல் ஆசிரியை

கொடைக்கானல் நண்பர் சொன்னதுதான் நான் வாதாடிய விஷயத்துக்குச் சரியான சான்று. 2,100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் நான்கில் மூன்று பங்கை ஒட்டித்தான் இருக்கும். ஊதுசுடரின் துளைகள் தரைமட்டக் காற்றுக்கு அளவெடுத்தவை. மலையில் அதே துளை வழியே ஆக்சிஜன் குறைவாக வரும், கலவையில் வாயு மிஞ்சும், பொறி பட்டாலும் பற்றாது. வழி: திருகைக் குறைத்து வாயுவைக் குறைக்கவேண்டும். அகல்சுடர் தேவையான காற்றைச் சுற்றிலுமிருந்து எடுத்துக்கொள்வதால் கவலையில்லை.

குளிரும் சேரும். பியூட்டேனின் கொதிநிலை கழித்தல் 0.5 டிகிரி. 20 டிகிரியில் தொட்டிக்குள் அழுத்தம் சுமார் 2 வளிமண்டலம், 5 டிகிரி இரவில் 1.2 மட்டுமே. லைட்டரை உள்ளங்கையில் கொஞ்ச நேரம் மூடி வைத்திருந்தால் சரியாகும். மதுரைச் சித்திரையில் இது தலைகீழ்: 40 டிகிரியில் அழுத்தம் 3.7 வளிமண்டலத்தை நெருங்கும். மார்கழியில் திருகிவைத்த அளவிலேயே விட்டால் சுடர் உயரமாக எழும்பும், மீசையைக் காப்பாற்ற முடியாது. வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டில் வைப்பதைத் தாளில் தடித்த எழுத்தில் தடை செய்யுங்கள்.

முன்கலப்பு, பின்கலப்பை நான் வரையறைக்குள் வைத்துக்கொள்கிறேன். தலைப்புச் சொல்லாக ஊதுசுடர், அகல்சுடர் இருக்கட்டும். ஒரே ஒரு எச்சரிக்கை: நீலமாக எரிவதெல்லாம் ஊதுசுடர் என்று எழுதிவிடாதீர்கள். வீட்டு கேஸ் அடுப்பும் காற்றோடு கலந்துதான் நீலமாக எரிகிறது, அது சீறுவதில்லை.

மடல் 8, மதுரை டவுன்ஹால் ரோட்டிலிருந்து

மென்சுடர், வன்சுடர் இரண்டையும் எடுத்துவிட்டேன். தாளில் போகும் வாசகம் இது:

அகல்சுடர்: வாயு வெளியே வந்தபின் காற்றோடு சேர்ந்து எரியும் மஞ்சள் சுடர். மெல்லிய சுருட்டுக்கும் வீட்டுக்குள்ளும் மலை ஊர்களிலும் ஏற்றது. காற்றில் நிற்காது.

ஊதுச்சுடர், கடைப்பேச்சில் டார்ச்: வாயு பாயும் வேகத்தில் காற்றை உள்ளிழுத்துக் கலந்தபின் எரியும் கூரிய நீலச் சுடர். பருமனான சுருட்டுக்கும் திறந்த வெளிக்கும் கோணலாக எரிந்ததைச் சரிசெய்யவும் ஏற்றது. தள்ளிப் பிடிக்கவும். திருகைக் குறைத்தால் அகல்சுடர் ஆகாது.

தெற்காவணி மூல வீதி அண்ணன் சொன்ன நிரப்பும் முறையும் டீச்சர் சொன்ன வெயில் எச்சரிக்கையும் பின்பக்கத்தில் வரும்.

மடல் 9, திருமங்கலம், தமிழாசிரியர்

தாரைச்சுடரைத் திரும்பப் பெறுகிறேன். அச்சுக்குப் போகும் முன் ஒரு திருத்தம்: ஊதுச்சுடர் அல்ல, ஊதுசுடர். வினைத்தொகையில் வல்லினம் மிகாது. ஊறுகாய், சுடுசோறு போல. பெட்டியில் ஒட்டும் சீட்டிலும் பார்த்துக்கொள்ளுங்கள்.