கீமோ முடிந்து 5 மாதம்: அசதியும் மறதியும் ஏன் விடவில்லை?

செம்பூர்_தம்பி:
அக்காவுக்கு வயது 44, மார்பகப் புற்றுநோய். ஏசி (டாக்ஸோரூபிசின், சைக்ளோபாஸ்பமைடு சேர்ந்த கீமோ) 4 சுற்று, பிறகு பேக்லிடாக்சல் என்ற கீமோ மருந்து வாரம் ஒன்றாக 12. இப்போது டமாக்சிஃபென் (ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரை). ஹீமோகுளோபின் 11.2. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறதாம். குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டு வெயிட் போட மறக்கிறார். பேச்சு நடுவில் வார்த்தை வராமல் நிற்கிறது. அடுத்த மாதம் மும்பை ஃபோர்ட்டில் வேலைக்குத் திரும்பணும். மூளைக்கு எம்ஆர்ஐ எடுத்தால் காரணம் தெரியுமா?

பரேல்_வார்டு:
எம்ஆர்ஐயில் தெரியாது. கீமோ முடிந்த ஒரு மாதத்தில் மூளையின் முன்பகுதியில் சாம்பல் பொருள் (நரம்பணுக்கள் நிறைந்த பகுதி) குறைந்திருந்ததையும், ஓராண்டில் ஓரளவு மீண்டதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் அது பலருடைய ஸ்கேனைச் சேர்த்து ஒப்பிட்டுக் கண்டது. ஒருவருடைய ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்துச் சொல்ல முடியாது.

பழியை முழுக்கக் கீமோ மேல் போடவும் முடியாது. முதல் டிரிப் ஏறும் முன்பே சிலருக்கு முன்மூளையின் செயல்பாடு குறைந்திருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். அசதி கூடியவர்களுக்குக் கவனமும் அதிகம் தடுமாறியது. அதனால் முதலில் அசதியைக் கவனியுங்கள்.

காலைத் தலைவலியோடு வாந்தி, வலிப்பு, ஒரு பக்கக் கை கால் பலவீனம் என்றால் கதை வேறு. அன்றே டாக்டரைப் பாருங்கள், அப்போது எம்ஆர்ஐ தேவைப்படும். படி ஏறினால் மூச்சு வாங்கி, காலும் வீங்கினால் எக்கோ (இதய ஸ்கேன்). ஏசியில் உள்ள டாக்ஸோரூபிசின் இதயத்தைத் தொடக்கூடிய மருந்து.

மாட்டுங்கா_லேப்:
ஹீமோகுளோபின் 11.2 மட்டும் இவ்வளவு அசதி தராது. டிஎஸ்எச் (தைராய்டு பரிசோதனை), பி12, வைட்டமின் டி, சர்க்கரை, சோடியம், கால்சியம் பாருங்கள். ஃபெரிட்டின் (இரும்புச் சேமிப்பைக் காட்டும் பரிசோதனை) அழற்சி இருந்தாலே ஏறிவிடும், இரும்பு நிறைய இருப்பது போல் ஏமாற்றும். ரத்தத்தில் ஓடும் இரும்பைக் காட்டும் டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷனும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். சைவமா, சர்க்கரை நோய் மாத்திரை மெட்ஃபார்மின் போடுகிறாரா? அப்படியென்றால் பி12 மேல்தான் முதல் சந்தேகம்.

முடி வளர மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா?

தாதர்_பிசியோ:
தம்பி, முழு ஓய்வு இந்த அசதியைத் தீர்க்காது, தசையைத்தான் கரைக்கும். சொசைட்டி காம்பவுண்டுக்குள் 10 நிமிட நடை, வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டி 30 நிமிடம் வரை, வாரம் குறைந்தது 3 நாள். பாட முடியக்கூடாது, பேச முடியணும், அந்த வேகம். வாரம் 2 நாள் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தூக்கும் பயிற்சி. ஆபரேஷன் செய்த பக்கக் கை வீங்கினால் நிறுத்திவிட்டுக் காட்டுங்கள். 12 வாரமாவது விடாமல் செய்யணும்.

பேக்லிடாக்சலால் பாதம் மரத்திருந்தால் மழைக்கால நடைபாதை வேண்டாம், ஷூ இல்லாமலும் வேண்டாம்.

பலர் தவறுவது இங்கேதான்: தெம்பாக இருக்கும் நாளில் துணி, சமையல், மார்க்கெட் எல்லாம் முடித்துவிட்டு அடுத்த இரண்டு நாள் படுக்கை. நல்ல நாளிலும் பாதியில் நிறுத்தணும். பகல் தூக்கம் 3 மணிக்குள், 30 நிமிடம்.

வேலைக்கு முதல் சில வாரம் 11 முதல் 4 வரை கேளுங்கள், ஹார்பர் லைன் ரயிலின் நெரிசல் நேரம் தப்பும். கணக்குப் பார்க்கும் வேலை காலையில். ஒரே நோட்டுப் புத்தகம், நாலு சீட்டு வேண்டாம். குக்கர் வெயிட்டை மூடியின் கைப்பிடியிலேயே கட்டித் தொங்கவிடுங்கள்.

பரேல்_வார்டு:
டமாக்சிஃபென் தரும் சூட்டு அலை (திடீரென உடம்பு சூடாகி வியர்ப்பது) இரவுத் தூக்கத்தைக் கெடுக்கும், எட்டு மணி நேரம் படுத்தும் பலன் இருக்காது. அதற்கோ மனச்சோர்வுக்கோ மருந்து எழுதினால் டமாக்சிஃபென் பெயரைச் சொல்லுங்கள். மனச்சோர்வு மருந்துகளான பராக்ஸெடினும் ஃப்ளூவாக்ஸெடினும் டமாக்சிஃபெனின் வேலையைத் தடுக்கும்.

செம்பூர்_தம்பி:
அட்டையைப் பார்த்தேன். முடி வளர பயோட்டின் 10 மி.கி., தினமும். டிஎஸ்எச் போன வாரம் நார்மல் என்று வந்தது.

மாட்டுங்கா_லேப்:
அதை நம்பாதீர்கள். பல லேப் மெஷின்களில் பயோட்டின் டிஎஸ்எச்சைக் குறைத்துக் காட்டும். உயர்ந்திருப்பது நார்மலாகத் தெரியும். 3 நாள் நிறுத்திவிட்டு மறுபடி ரத்தம் கொடுங்கள், கவுண்டரில் மாத்திரை விவரத்தையும் சொல்லுங்கள்.