புதுப்பிப்பு: ஏற்காடு வீட்டின் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கூரையைக் கழற்றியாயிற்று

ஏற்காட்டில் அப்பா காலத்து வீட்டின் பின்கட்டுக் கூரை கல்நார் ஷீட்தானா, அதை எப்படிக் கழற்றுவது என்று மழைக்கு முன் இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

ஏற்கெனவே உடைந்திருந்த ஓரத்தை நனைத்து, நாணயம் அளவு துண்டை இரட்டைப் பையில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்பினேன். கிரைசோடைல், அதாவது வெள்ளைக் கல்நார் என்று அறிக்கை வந்தது.

வந்த மேஸ்திரி, "30 வருடமாக அறுக்கிறேன், எனக்கென்ன ஆயிற்று?" என்று சிரித்தார். கல்நார்த் தூசியை மூச்சில் இழுப்பதால் வரும் நுரையீரல் நோய் தலைகாட்டவே அத்தனை ஆண்டுகள் ஆகலாம் என்று நான் சொன்னதும் பேசாமல் முகக்கவசத்தை வாங்கிக்கொண்டார்.

கைகொடுத்தது, தூசி பறக்காமலிருக்க ஷீட்டைச் சோப்புத் தண்ணீரால் நனைக்கச் சொன்ன உங்கள் யோசனைதான். வெறும் தண்ணீர் பாசியின் மேல் வழிந்தோடியது. சோப்பு கலந்ததும் ஊறிற்று. ஷீட்டுகளைப் பிடித்திருந்த ஜே போல்ட்டுகள் (கொக்கி போல் வளைந்தவை) எல்லாம் துரு. கிரைண்டரைத் தொடவிடாமல் போல்ட் கட்டரால் நறுக்கி, ஷீட்டுகளை உடைக்காமல் இறக்கி, தடித்த பாலித்தீனில் இரண்டு சுற்றுச் சுற்றினோம். தரையைப் பெருக்கவில்லை, ஈரத்துணியால் துடைத்தோம்.

எதிர்பாராதவை இரண்டு. பழைய விறகு பாய்லரின் கதவைச் சுற்றியிருந்த சாம்பல் நிறக் கயிறும் சோதனையில் கல்நார் என்றே வந்தது. இன்னொன்று, "கோழிக் கொட்டகைக்கு ஆகும், கொடுங்கள்" என்று மூன்று பேர் கேட்டு வந்தார்கள். கொடுக்கவில்லை. அபாயகரக் கழிவுக்கு அனுமதி பெற்றவர்கள் மூலம் அனுப்பிவிட்டேன். கழற்றிய கூலியைவிட வண்டி வாடகைதான் அதிகம்.